ஸ்கேல் வைத்து எடுத்த படம்

"வந்தவங்க நட்பு நாட்டுக்காரங்கடா! என்னமோ எதிரி உள்ள புகுந்துட்ட மாதிரி..."

"நட்போ எதிரியோ, பட்டறையைச் சுத்திப் பாக்கத்தான் அனுமதி. பொருளைக் கையில எடுக்க..."

"பேனா டப்பாவ எடுத்துப் பாத்தாங்க. அது ஒரு பொருளா?"

"அது பேனா டப்பா இல்லக்கா. நாசில்!"

லேத் பட்டறையின் முன்னறை. மேஜைக்கு இந்தப் பக்கம் அக்கா, பட்டறைக்காரி. அந்தப் பக்கம் தம்பி, விண்வெளி மையத்தின் பாதுகாப்பு அதிகாரி. செயற்கைக்கோளைத் திருப்புகிற சின்ன எஞ்சினுக்கு, வாயு பீறிட்டு வெளியேறும் நாசில் கடைவது அவள் வேலை. கழித்துப்போட்டது ஒன்றுகூட வெளியே போகாமல் பார்ப்பது அவன் வேலை.

போன வருஷம் ஒரு நாசிலின் விளிம்பில் கீறல் விழுந்ததால் அதைக் கழித்துவிட்டார்கள். கழித்ததை அதிகாரியின் கண் முன்னால் அறுக்க வேண்டும். அன்று அவன் மகளுக்குக் காய்ச்சல். "நான் அறுத்துக்கறேன், நீ கிளம்பு" என்றாள் அக்கா. அறுத்ததைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவனும் ஓடினான். அவளுக்கோ மனசு வரவில்லை. டம்ளர் உயரம், பூ விரிந்த மாதிரி வாய். பேனா செருகி மேஜையில் வைத்துக்கொண்டாள்.

போன வாரம் வந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் இன்று நன்றிக் கடிதம் அனுப்பியிருந்தார், அன்று அந்த மேஜையில் அவர் எடுத்த படத்தோடு. பெருமை தாங்காமல் அதைத் தம்பிக்கும் அனுப்பியவள் அவளேதான்.

"ஒரு போட்டோவ வெச்சு எவன்டா நாசில் செஞ்சுடுவான்?"

"பக்கத்துல என்ன படுத்திருக்கு, பாரு."

போனை நீட்டினான். நாசிலை ஒட்டி ஒரு ஸ்டீல் ஸ்கேல். கோடுகள் பளிச்சென்று தெரிந்தன.

"யார் வெச்சது?"

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள்.

"ஸ்கேல் வெக்காம எவனாவது பாகத்தைப் படம் எடுப்பானா? முப்பது வருஷப் பழக்கம். கை தானா போயிடுச்சு."

"அந்த வாய் விரியற வளைவுதான்க்கா மொத்த ரகசியமும். எட்டு வருஷம் மண்டையை உடைச்சுக் கண்டுபிடிச்சது. நீ அளந்து, தட்டுல வெச்சுக் கொடுத்திருக்க."

"அந்த மனுஷன் நல்லவர்டா."

"இருக்கட்டும். அவருக்கு மேல நாலு பேரு, அந்தக் கம்பெனிக்குப் பத்துக் கூட்டாளி. படம் இப்ப யார் கையில இருக்கோ?"

"சரிங்க பெரிய மனுஷா. இப்பவே அறுத்துடலாம், வா."

"இதை அறுப்ப. படத்தை?"

அவள் நாசிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய் ரம்பத்தை ஓட்டினாள். இந்தத் தடவை அவன் பக்கத்திலேயே நின்றான். லேத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சூடு ஆறாத இரண்டு பாதிகளையும் உறையில் போட்டு ஒட்டிவிட்டு, முன்னறைக்கு வந்து வெள்ளைத்தாளை எடுத்தான்.

"மேலிடத்துக்கு எழுதத்தான் போறியா? எழுதினா பட்டறையைப் பூட்டிடுவாங்க. உள்ள பதினாலு பேரு நிக்கறாங்க."

"எழுதலேன்னா, படம் எங்க போச்சுன்னு தேடவே ஆரம்பிக்க மாட்டாங்க."

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கச் சொல்லலடா. யோசிச்சு எழுதுன்னுதான் சொல்றேன்."

அவன் தேதி போட்டான். அவள் அலமாரியைத் திறந்து, போன வருஷம் அவன் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்து வந்து, வெள்ளைத்தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மொதப் பேரு யாரோடது எழுதுவ, தம்பி? என்னோடதா, உன்னோடதா?"