பூட்டிய கதவுக்கு ஒரு வரிசை

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சனிக்கிழமை வந்தால் இருப்புக் கொள்ளாது. அவனும் நண்பர்கள் ஏழு பேரும் எங்காவது ஒரு பூட்டிய கதவைத் தேடிப் பிடித்து, அதன் முன்னால் வரிசை கட்டி நிற்பார்கள். எதற்கு என்று தெரியாமலே யாராவது வந்து பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். வரிசையைக் கண்டால் நம் ஆட்களுக்குக் கால் தானாக நின்றுவிடுமே! அப்புறம் முன்னாலிருந்து ஒவ்வொருவராக நழுவ வேண்டும். கடைசியாக வந்த ஏமாளி முதல் ஆளாகி, கதவைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பதை எதிரே நிற்கும் வேனுக்குள்ளிருந்து அவர்களில் ஒருவனான ஒல்லி படம் பிடிப்பான். அதைப் போட்டுப் பார்த்து ஒரு வாரம் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது. “தெரியலீங்க, நானும் சும்மாதான் நிக்கறேன்” என்று சொல்லிவிட வேண்டும். அதற்கப்புறமும் ஒருவர் நின்றால் அது அவர் பாடு.

அன்று கிடங்கு ஒன்றின் பக்கவாட்டுக் கதவு. வரிசையில் கடைசி ஆள் மெக்கானிக். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி பிளாஸ்டிக் உறையை நெஞ்சோடு அணைத்தபடி நொண்டி நொண்டி வந்தாள்.

“தம்பி, ஆஸ்பத்திரி சமையல் வேலைக்கு மனு வாங்கற வரிசை இதுதானே? இன்னிக்குத்தான் கடைசி நாள், பன்னெண்டு மணியோட சரின்னாங்க.”

அவனுக்கு நாக்கில் சனி. “ஆமாக்கா, இதேதான். நில்லுங்க” என்றான்.

“ஆறு மாசமா வேலை இல்ல தம்பி. இது கெடச்சா மருமகன் வீட்டுல சோத்துக்கு உக்காந்திருக்க வேண்டாம்.”

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முன்னால் நான்கு பேர் நழுவியாகிவிட்டது. நல்ல படம் ஒன்று வீணாகிவிடுமே என்றுதான் அவனுக்குப் பட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் தன்னைத் தானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

அவன் முறை வந்தது. மெல்ல விலகினான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்களும் எனக்காகத்தானே விலகறீங்க? என் காலைப் பாத்துட்டு ஒவ்வொருத்தரா வழி விட்டீங்க, நானும் கவனிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நல்லா இருக்கணும் தம்பி.”

“அக்கா, இது வரிசையே இல்ல. விளையாட்டுக்கு நின்னோம். ஆஸ்பத்திரி அடுத்த தெரு. அதைக் குடுங்க, நான் ஓடிப் போய்க் குடுத்துட்டு வரேன்.”

உறையைப் பிடுங்கிக்கொண்டு தலைதெறிக்க ஓடினான். மணி பன்னிரண்டு பத்து. காவலாளி கம்பிக் கதவைச் சாத்திவிட்டிருந்தார்.

“என் தப்புதாங்க, அவங்க சரியான நேரத்துக்கே வந்துட்டாங்க” என்று கெஞ்சினான்.

“யார் தப்பா இருந்தா என்னப்பா, மூடியாச்சு.”

திட்டட்டும், அறையட்டும், வாங்கிக்கொள்வோம் என்றுதான் திரும்பி வந்தான். அவள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் ஒரு முதியவரும், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் புதிதாக வந்து சேர்ந்திருந்தார்கள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. உறையை வாங்கி, அதில் படிந்திருந்த அவன் கை வியர்வையை முந்தானையால் துடைத்தாள். பிறகு பின்னால் திரும்பினாள்.

“ஐயா, இங்க ஒண்ணும் குடுக்கல. நிக்காதீங்க, கால் வலிக்கும்.”

குழந்தைக்காரியிடமும் அதையே சொன்னாள். பிறகு உறையை நெஞ்சோடு அணைத்தபடி, அவனைத் தாண்டி நொண்டி நொண்டி நடந்தாள்.