ஹஜ்ஸ் ஆகிவிட்டது

1
இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் செய்தியில் பிறந்தது. அலெக்சாந்திரியாவில் பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள் இன்ஷிரா. அவளைக் காலி செய்யச் சொல்லிக் கட்டட முதலாளி ஹாஜி ஷவ்கி வழக்குப் போட்டிருந்தார். அவளுடைய வக்கீல் நாஹித் இன்று எழுதியது: "வழக்கு தீர்ப்புக்காக ஹஜ்ஸ் ஆகிவிட்டது."

அவ்வளவுதான். (வக்கீல்கள் சொல்லில்கூடக் கஞ்சர்கள்... வேண்டாம், கோபத்தில் வந்த வரி.)

2
அரபு மொழியில், நீதிமன்றத்தில் ஹஜ்ஸ் என்றால் தீர்ப்பைப் பிறகு சொல்ல ஒதுக்கிவைப்பது. தெருவில் அதே சொல்லுக்கு ஜப்தி என்று பொருள். இன்ஷிரா தெருவில் பிழைப்பவள்.

"அரஃபா அண்ணே, கடைய ஜப்தி பண்ணப் போறாங்களாம்!"

பக்கத்து ஊறுகாய்க் கடை அரஃபா எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான். "நான் அப்பவே சொல்லல? உன் வக்கீலம்மா ஹாஜியோட உக்காந்து டீ குடிச்சத என் கண்ணால பாத்தேன்."

(பார்த்தானா? அவனைப் படைத்த எனக்கே தெரியாது.)

நாஹித்தின் போன் அணைந்திருந்தது. இன்ஷிராவின் சந்தேகம் உறுதியானது.

3
'இன்ஷிரா அழுதுகொண்டே...' இல்லை, அழவில்லை. கண்ணாடிகளைக் கழற்றி வண்டியில் ஏற்றினாள். மதியத்துக்குள் கடை காலி. ஹாஜி வந்து, அவளே காலி செய்ததற்குச் சாட்சியாக வெறுங்கடையைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"தானாவே கெளம்பிட்டியாம்மா? ரொம்ப சந்தோஷம்."

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில்தான், தானே கடையை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. அதுவரை வழக்கு அவள் பக்கம் சாய்ந்திருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

4
நாஹித் அழைத்தாள். "ஐயோ, யாரு உங்கள காலி பண்ணச் சொன்னா?"

"நீங்கதான்! ஹஜ்ஸ்னு எழுதினீங்களே."

"தீர்ப்புக்கு ஒதுக்கிட்டாங்கன்னு அர்த்தம். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"எந்த எல்லாருக்கும்? கறுப்பு அங்கி போட்டவங்களுக்கா? இப்ப நான் என்ன பண்ணணும், அத எழுதுங்க."

உடனே செய்தி வந்தது: "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்."

5
முடிவு அ: நாஹித் விலைபோனவள். முடிவு ஆ: அவளுக்கு வெறும் அலட்சியம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் அனுப்பும் செய்தி ஓர் எழுத்துகூட மாறவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்ஷிரா வண்டியருகே நிற்கிறாள். கண்ணாடிகளை மறுபடி மாட்டுவதா, வண்டியோடு கொண்டுபோவதா? வண்டிக்காரன் அவசரப்படுத்துகிறான்.

இதை வாசிக்கும் நீங்கள் அவளுக்கு ஒரு வரி எழுதுங்கள். என்ன நடந்தது, அவள் இப்போது என்ன செய்ய வேண்டும், அது போதும். ஆனால் இனி உங்கள் வரியையும் அவள் அரஃபாவிடம் காட்டிவிட்டுத்தான் நம்புவாள்.