கதவைச் சீவிய அண்ணன்

மன்னார்ப் பக்கத்தில் மண் சரிய வேண்டுமென்றால் முதலில் எங்கிருந்தாவது ஒரு மலையைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அரசாங்கக் கந்தோரின் மண்சரிவுப் படிவத்துக்கு அந்த விவரம் தெரியாது. நாடு முழுவதற்கும் ஒரே படிவம். ஒரு கேள்வியையும் வெறுமையாக விடக் கூடாது. ஆகவே பெரியமடுவில், அழகம்மாவின் முற்றத்துக் கதிரையில் இருந்துகொண்டு, அனர்த்தக் கணக்கெடுப்புக்கு வந்த பிரேமினி வெட்கத்தோடு கேட்டாள்.

“அன்ரி, உங்கட வீட்டுக்குக் கிட்ட மேட்டு நிலம் இருக்கோ?”

“ஓம் பிள்ளை, கட்டுக்கரைக் குளத்துக் கட்டு இருக்கு. பஸ்ஸில போய்த்தான் பாக்கவேணும்.”

சிரித்த அழகம்மாவின் முகம் உடனே மாறியது. மலையகத்திலிருந்து அவள் இங்கே வந்து நாற்பது வருடம். அண்ணன் செல்லமுத்து மட்டும் பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருக்கிறார். அங்கே இரண்டு கிழமையாக அடைமழை. ‘இங்கே வந்துவிடுங்கள்’ என்று இவள் தினமும் கெஞ்சுகிறாள். அவர் கேலி பண்ணுகிறார். தங்கச்சி சொன்னால் காதில் ஏறாது. கையில் பேனாவோடு யாராவது கேட்டால் மட்டும் எழுந்து நின்று பதில் சொல்லுவார்.

“பிள்ளை, இது அண்ணனிட்டக் கேக்க வேண்டிய கேள்வி. கந்தோரெண்டு சொல்லி நீங்களே கேளுங்கோ.”

“அது வேற மாவட்டம், அன்ரி.”

“வேற தாளில எழுதுங்கோவன்!”

அழகம்மா அதற்குள் போனை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, பிரேமினியின் முன்னால் நீட்டிவிட்டாள்.

“லயத்துக்கு மேல நிலம் வெடிச்சிருக்கோ, ஐயா?”

“சின்ன வெடிப்புதாங்க மிஸ். காலு மட்டும்தான் உள்ள போகும்.”

“மரங்கள் சாய்ஞ்சிருக்கோ?”

“ஒண்ணு சாஞ்சிருக்கு. அதுக்கும் வயசாயிருச்சுல்ல.”

“ஊற்றுத் தண்ணி கலங்கி வருதோ?”

“பால் டீ கலர்ல வருதுங்க. சீனிதான் போடணும்.”

பிரேமினி சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டாள்.

“கதவு இறுகுதோ?”

அவர் குரலில் பெருமை ஏறியது. “மழைக்கு மரம் ஊதிருச்சுங்க. இந்தக் கிழம மட்டும் மூணு தடவ சீவிட்டேன். மொதல்ல மேல இறுகுச்சு, மேல சீவுனேன். பொறகு கீழ. காலையில பக்கத்துல. சீவிச் சீவிக் கதவு பாதியாப் போச்சு.”

பிரேமினி எழுதுவதை நிறுத்தினாள்.

“ஐயா, மரம் ஊதேல்ல. சுவர் நகருது.”

அழகம்மா போனை நோக்கிக் குனிந்தாள். இத்தனை வருடம் பழகிய பேச்சு எங்கோ போய், பிறந்த ஊர்ப் பேச்சு வந்தது. “அண்ணே, வெளிய போங்க!”

“இரு, போறேன்.” கதவை இழுக்கும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. “தொறக்க மாட்டேங்குதே, தங்கச்சி.”

கேலி இல்லாத அண்ணன் குரலை அவள் அன்றுதான் கேட்டாள்.

“ஜன்னலு! ஜன்னல் வழியாப் போங்க!”

ஏதோ இழுபட்டது, தகரம் சரிந்தது, பிறகு தன் தொந்தியையே அவர் திட்டுகிற கெட்ட வார்த்தை ஒன்று. பிரேமினியின் கையை அழகம்மா நசுக்கிவிட்டாள். கடைசியில் போனில் மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

பிரேமினி மறுபடியும் பேனாவை எடுத்தாள். “ஐயா, வீட்டில இப்ப எத்தனை பேர் இருக்கினம்?”

“யாருமில்லீங்க மிஸ். சைபர் போட்டுக்கங்க.”

அழகம்மா முற்றத்து மணலில் அப்படியே இருந்து அழுதாள். அழுகைக்கு நடுவிலும், லயத்து ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டு பாதுகாப்பாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்படி அண்ணனை ஏச மறக்கவில்லை.