தபால் செலவு தனி

1

இந்தக் கதை ஒரு தொண்ணூறு ரூபாய்ச் சண்டையில் பிறந்தது. நல்ல கதைகள் போரிலோ காதலிலோ பிறக்குமாம். எனக்கு வாய்த்தது இதுதான்.

இதை முதலில் படிக்கப்போவது எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழு. சங்கரன்கோவிலில் அம்மா நிர்மலாதேவி, தங்கை ஜெயசித்ரா. சென்னையில் நான், பூமாரி. எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடுகிறது. அதனால் வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. தப்பான தொடக்கங்களையும் அழிக்காமல் விடுகிறேன்.

முதல் தொடக்கம்: ‘ஞாயிற்றுக்கிழமை தங்கைக்கு நிச்சயதார்த்தம். அக்காவின் மனம் மகிழ்ச்சியில்—’

(பொய். அக்காவின் மனம் அந்த வாரம் முழுக்க வாடகையில் இருந்தது.)

இரண்டாவது: ‘மெரூன் நிற லெஹங்கா ஒன்று பேசத் தொடங்கியது—’

(துணி பேசும் கதைகளைக் கண்டாலே எனக்கு எரிச்சல். தவிர, இந்தத் துணிக்கு வாய் இருந்தால் முதலில் என்னைத்தான் காட்டிக்கொடுக்கும்.)

மூன்றாவது: ‘அம்மா, அது பழைய துணி.’

(இதை முதல் வரியாக வைக்க முடியாது. கதை அங்கேயே முடிந்துவிடும்.)

2

தேதி குறித்த அன்றே அம்மா போனில் சொல்லிவிட்டாள். “நிச்சயத்துக்கு உடுத்துதது கோடியா இருக்கணும் பாத்துக்கோ. அடுத்தவ வேர்வை பட்ட துணி நம்ம வாசப்படி ஏறக் கூடாது.”

கடையில் நூறு பேர் போட்டுப் பார்த்துக் கழற்றியது கோடி, அதாவது புத்தம்புதுசு. ஒருத்தி ஒரே ஒரு தடவை உடுத்தியது தீட்டு. இந்தக் கணக்கை அம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. “தி.நகர்ல புதுசாவே எடுத்துட்டேம்மா, என் சம்பளத்துல” என்றேன். எடுக்கவில்லை. சம்பளம் பாதியாகி நான்கு மாதம் ஆகிறது. அதையும் சொல்லவில்லை.

இன்ஸ்டாகிராமில் ‘ராணி வார்ட்ரோப்’ என்று ஒரு பக்கம். அங்கே அந்த லெஹங்கா ஆயிரத்து எண்ணூறு ரூபாய். ‘ப்ரீ லவ்ட்.* ஒரே முறை, இரண்டு மணி நேரம் அணிந்தது. தபால் செலவு தனி.’

(*பழைய துணி என்று யாரும் எழுதுவதில்லை. இப்படித்தான் எழுதுகிறார்கள். அவ்வளவு ஆசையாக வைத்திருந்தவள் ஏன் விற்கிறாள் என்று கேட்கக் கூடாது.)

தனி என்றால் எவ்வளவு? இருநூற்று நாற்பதாம். என் தெருக் கூரியர் கடையில் விசாரித்தேன். நூற்றைம்பது என்றார்கள். தொடங்கியது யுத்தம். அந்தப் பக்கத்தை நடத்தியவள் தன்னை ‘அட்மின்’ என்று சொல்லிக்கொண்டாள். இரண்டு பேரும் இஸ்திரி போட்ட இங்கிலீஷில் சண்டை போட்டோம்.

டியர், எங்கள் பேக்கிங் பிரீமியம்.

டியர், பழைய செய்தித்தாளுக்கு உங்கள் ஊரில் பிரீமியம் என்று பெயரா?

டியர், விருப்பம் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

விட்டிருக்கலாம். விடவில்லை. ஒன்பது நாள்! அவள் துணியையும் அனுப்பவில்லை, நான் பணத்தையும் அனுப்பவில்லை.

3

இந்த இடத்தில் ஆசிரியர், அதாவது நான், ஒரு கெட்டவளை உருவாக்கினார். அண்ணா நகர், ஏசி அறை, நீள நகம், மடியில் நாய்க்குட்டி. வாசகர்களுக்குப் பிடிக்கும் கெட்டவள். நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, அவள் ஒரு படம் அனுப்பி என் கதையைக் கெடுத்தாள். பார்சல் கனமாம், அதற்கு ஆதாரமாம்.

படத்தில் இருந்தது மூட்டை நிறுக்கும் இரும்புத் தராசு. ஐம்பது கிலோ ஏறி இறங்கும் பலகையில் சின்னப் பொட்டலம். தராசு தன் இஷ்டத்துக்கு மூன்று கிலோ காட்டியது. பின்னால் சாக்குகள். தரையெல்லாம் எலுமிச்சம்பழம்.

எங்கள் பக்கத்தில் எலுமிச்சை என்றால் அடுத்த ஊரான புளியங்குடிதான். சங்கரன்கோவில்காரிக்கு இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? உடனே போன் போட்டேன்.

“ஏட்டி, நீ புளியங்குடியா?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இங்கிலீஷைத் தேடியது. பிறகு, “யாரு பேசுதீய?”

“டியர் பேசுதேன். ஊரு சங்கரன்கோயிலு.”

“அல்லாவே! மெட்ராஸ்காரின்னுல்லா நெனச்சேன்!”

“எலுமிச்சங்கா தராசுலயா துணிய எடை போடுவாவ?”

“வேற தராசுக்கு எங்கன போறது? வாப்பா கமிஷன் கடையில வேல பாக்காவ. அவுக சாப்பிடப் போன நேரத்துல வச்சு எடுத்தேன்.”

“தொண்ணூறு ரூவா கூடக் கேக்கியே, மனசாட்சி இல்லையா?”

“அக்கா, டிரெஸ்ஸு எங்க மதினியோடது. வித்த காசு அப்படியே அவுகளுக்குப் போயிரும். தபால்ல மிஞ்சுததுதான் எனக்கு. அதுக்குப் போயி ஒம்பது நாளு என் உசுர எடுத்துட்டியள!”

பெயர் ரைஹானா. நகம் பற்றிக் கேட்கவில்லை. ஒரே போனில் கெட்டவள் கையைவிட்டுப் போய்விட்டாள். அந்த இடம் காலியாக இருக்கக் கூடாதே என்று ஆசிரியரே போய் நின்றுகொண்டார்.

தங்கைக்கு நிச்சயதார்த்தம், சங்கரன்கோவிலில் என்று அவளிடம் சொன்னேன்.

“அப்ப தபாலே வேண்டாம்க்கா. நாளைக்குக் காலையில பஸ்ல குடுத்து விடுதேன். அரைமணி நேரத்துல சங்கரன்கோயிலு. ஒங்க அம்மாவ பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கிடச் சொல்லுங்க.”

“ஐயோ, வேண்டாம். மெட்ராஸுக்கே அனுப்பு. எரநூத்து நாப்பதும் தாரேன்.”

“ஆங்?”

“முந்நூறு தாரேன்.”

“ஒங்களுக்கு என்ன கிறுக்கா?”

சொன்னேன். என் திட்டம் இதுதான்: புளியங்குடித் துணி சென்னைக்கு வந்து, ஒரு தி.நகர் கடைப் பைக்குள் புகுந்து, புதுசாகி, மறுபடி சங்கரன்கோவிலுக்குப் போக வேண்டும். ரைஹானா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

“இன்னைக்கு வெள்ளி. அது அங்கன வந்து இங்கன திரும்புததுக்குள்ள ஒங்க தங்கச்சி பிள்ளை பெத்துருவா.”

தெரியும். திட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அதைத் தின்றவள் நான்தான். பணத்தை அனுப்பிவிட்டு, “பஸ்ல குடு” என்றேன்.

4

முடிவுகள்.

அ) அம்மா இதைப் படித்துவிட்டு, சிரித்து, மகளை மன்னிக்கிறாள். (இந்த அம்மாவை எந்த ஊரிலிருந்து பிடித்து வந்தாய்?)

ஆ) ரைஹானாவே நிச்சயதார்த்தத்துக்கு வருகிறாள். எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்து— (கைதட்டலுக்குத் தயாரான முடிவு. அவளுக்கு அன்றைக்கு இன்னும் மூன்று பார்சல் இருக்கிறது.)

இ) ‘கடைக்காரங்களே புளியங்குடி பஸ்ஸில் அனுப்பிட்டாங்க’ என்று அம்மாவிடம் சொல்வது. (நேற்று ராத்திரி பேசிப் பதிவு செய்தேன், கேட்டேன், அழித்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

5

இன்று சனிக்கிழமை. சற்று முன் ரைஹானா கூப்பிட்டாள்.

“அக்கா, ஏத்தியாச்சு. பச்சக் கட்டப்பை. கண்டக்டர் அண்ணாச்சி நல்லவுகதான், ஆனா பத்து நிமிசத்துக்கு மேல நிக்க மாட்டாவ. யாரும் வரலன்னா திரும்பக் கொண்டாந்துருவாவ. வீட்ல சொல்லிட்டியளா?”

“சொல்லிக்கிட்டே இருக்கேன்” என்றேன்.

அம்மா, இதுதான் நான் சொல்லும் விதம். மூன்றாவது தொடக்கத்தை இன்னொரு முறை படித்துக்கொள். உன் கோபத்தை நான் எழுதிவைக்கவில்லை. அதில் எனக்கு என்ன உரிமை?

ஜெயா, உடுத்தப்போகிறவள் நீ. வேண்டாம் என்றால் தீபாவளிக்கு எடுத்த நீலச் சேலை இருக்கிறது. அதுவும் உனக்கு நன்றாகத்தான் இருக்கும். உன்னிடம் கேட்காமலே உனக்காகப் பொய் சொன்னேன். இனி உன் சார்பில் ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

பஸ் கிளம்பிவிட்டது. இதற்கு மேல் ஆசிரியரிடம் ஒன்றும் இல்லை. உங்கள் இரண்டு பேரில் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.