கலாராணியின் படங்கு

கலாராணியின் கருமாதிப் படையலுக்கு அவள் மகள் தயானி சாமான்களை எடுத்து வைத்தபோதே நான் கவனித்துவிட்டேன். கொழுந்துக் கூடை இருந்தது. வெற்றிலைப் பை, மஞ்சள் ஸ்வெட்டர், ஒரு பக்கம் தேய்ந்த செருப்பு, எல்லாம் படத்துக்கு முன்னால் இருந்தன. படங்கு மட்டும் இல்லை.

தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது ஈரச்செடி உடம்பை நனைக்காமல் இடுப்பில் கட்டுகிற கனமான பிளாஸ்டிக் விரிப்புதான் படங்கு. லுணுகலைக் கடையில் எல்லோரும் ஒரே நீலத்தில்தான் வாங்குகிறோம். கலாராணி மட்டும் தன் படங்கின் ஓரத்தில் கூறைச்சேலையின் சிவப்புக் கரையை வைத்துத் தைத்திருந்தாள். இல்லாவிட்டால் இடுப்பை அறுக்குமாம். "மலைக்கு மாப்புள பாக்கவாடி போற?" என்று நான் கேலி செய்வேன். அப்படிப்பட்ட படங்கு எங்கேயோ தொலைந்துவிட்டது என்றால் நான் நம்பவேண்டுமா?

குளவிக் கூடு கலைந்த அன்று தேயிலைச் செடிகளின் நடு நிரையில் கலாராணி. ஒரு பக்கம் நான், மறுபக்கம் பாக்கியலெட்சுமி. குளவி வந்தால் படங்கை அவிழ்த்துத் தலையோடு மூடிக்கொண்டு குனிந்து கிடக்கவேண்டும். மலையில் இது தெரியாதவர்கள் யார்? நானும் அப்படிக் கிடந்துதான் பிழைத்தேன். காலெல்லாம் கொட்டு வாங்கி, மயங்கி, பதுளை ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தேன். கலாராணியை வெறும் தலையோடு தூக்கிவந்தார்களாம். அப்படியானால் அவள் படங்கை யாரோ பறித்திருக்கிறார்கள். பறித்தவள்தான் அவளைக் கொன்றவள்.

பாக்கியத்துக்குக் கையில் இரண்டே கொட்டு. போதாததற்கு, நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் என்னைக் கண்டால் பாதிக் குடத்தோடு நழுவுகிறாள். குற்றமுள்ள நெஞ்சு இல்லாமல் வேறென்ன?

படையல் முன்னாலேயே கேட்டுவிட்டேன். "பாக்கியம், கலா படங்கு எங்க?"

பாக்கியம் தலையைத் தூக்கவில்லை. "விடு சரசு. இன்னைக்கு வேணாம்."

"ஏன் வேணாம்? செத்தவ வந்து கேக்கமாட்டானுதானே?"

"அத்தை, விடுங்க" என்று தயானி என் கையைப் பிடித்தாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. தாயைப் பறிகொடுத்த பிள்ளைகூட விடச் சொல்கிறதே!

"அன்னைக்கு மலையில நின்னவ எல்லாம் அவஅவ படங்க கொண்டாந்து காட்டுங்க. நானும் என்னோடத கொண்டாறேன்!"

பாக்கியம் சட்டென்று எழுந்தாள். "நீ போகாத சரசு. என்னோடத மட்டும் பாரு, போதும்." மாட்டிக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டு விறுவிறுவென்று என் லயத்து வீட்டுக்கு நடந்தேன்.

ஆஸ்பத்திரியில் என் சாமான்களைக் கட்டி என்னோடு அனுப்பிய பை கட்டிலுக்கு அடியில் கட்டியபடியே கிடந்தது. அதைப் பார்க்கவே பயந்து இத்தனை நாளும் தொடவில்லை. முடிச்சை அவிழ்த்து உள்ளிருந்த படங்கை உதறினேன். மடிப்பிலிருந்து காய்ந்த குளவி ஒன்று விழுந்தது. அதன் பிறகு சிவப்புக் கரை தெரிந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஏறியதும் புழுங்குகிறதென்று என் படங்கை அவிழ்த்து நிரை முனையில் போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. யாரோ முதுகில் கைவைத்து அழுத்தியதும் நினைவுக்கு வந்தது. கண் இருண்டது நானே மூடிக்கொண்டதால் என்று நினைத்திருந்தேன். பாவி கலா, என்னைப் போட்டு மூடிவிட்டு நீ எங்கேயடி போனாய்?

பாக்கியம் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

படங்கை மடிக்காமல், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு திரும்பிப் போனேன். பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தயானி மட்டும் எழுந்துவந்து கரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க இருந்துச்சு, அத்தை?"

"என் மேல இருந்துச்சு தாயி."