ஈரத்தில் தெரிந்த கோடு

இரண்டு எஃகுத் தண்டுகளுக்கு நடுவே உள்ளங்கை அளவு கல்வில்லை. காற்றழுத்தத்தில் பாய்ந்து வரும் மூன்றாவது தண்டு முதல் தண்டில் மோதும். அந்த அடி அலையாகக் கல்லுக்குள் ஓடும். வெடி வைத்தால் பாறை என்ன பாடுபடும் என்பதைக் கண் சிமிட்டும் நேரத்துக்குள் அளந்துவிடலாம்.

காலையிலிருந்தே அவள் சோதனைக்கூடத்தில் அந்தக் கருவியின் முன்னால்தான் இருந்தாள். கல் வந்தது இரண்டு சுரங்கப்பாதைகளுக்கு நடுவிலிருக்கும் பாறையிலிருந்து. ஒன்றில் வெடி வைக்கப்போகிறவன் அவள் கணவன். மற்றதில் சுவருக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டிருப்பவன் அவள் தம்பி. கல் தாங்கினால் தம்பியின் ஆட்கள் உள்ளேயே வேலை பார்க்கலாம். தாங்காவிட்டால் வெளியே வந்தாக வேண்டும்.

பொத்தானை அழுத்தினாள். படார்! வில்லை முழுசாகத் தட்டில் விழுந்தது. அதற்குள் ஃபோன்.

"உடைஞ்சுதா, இல்லையா?" என்றான் கணவன்.

"முழுசாத்தான் இருக்கு. ஆனா அளவையும் பாத்துட்டு..."

"அது போதும். உன் தம்பி உள்ளயே வேலையைப் பாக்கட்டும். வெடிகிட்ட போறேன், ஃபோனை அணைக்கணும்."

வைத்துவிட்டான். பாதிப் பேச்சில் வைப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

திரையில் அலைக்கோடு நடுவில் லேசாக ஒடிந்திருந்தது. ஈரத்துணியால் வில்லையைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தாள். மேற்பரப்பெல்லாம் காய்ந்தது. முடியளவு கறுப்புக் கோடு மட்டும் காயாமல் நின்றது. விரிசலுக்குள் தண்ணீர் போயிருந்தது. இன்னொரு அடிக்கு அது தாங்காது.

அவள் ஃபோனை எடுத்தாள். அவசரக்குடுக்கை, அவசரக்குடுக்கை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கணவனின் ஃபோன் அணைந்திருந்தது. தம்பிக்குச் சுரங்கத்துக்குள் சிக்னல் இல்லை. சுரங்க வாசல் காவலாளியைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நிறுத்துற சைரனை அடிங்க!"

"யாரு சொன்னாங்கன்னு கேப்பாங்களேம்மா?"

"வெடி வைக்கிறவர் பொண்டாட்டி சொன்னான்னு சொல்லுங்க. அடிங்கண்ணே!"

ஃபோனுக்குள் சைரன் அலறியது. அதற்குப் பின்னால் வெடிச்சத்தம் வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் காவலாளியிடமிருந்து யாரோ ஃபோனைப் பிடுங்கினார்கள்.

"அக்கா, எல்லாரும் வெளிய வந்துட்டோம். மாமா குதிக்கிறாரு. முழுசா இருக்குன்னு நீதான் சொன்னியாமே?"

"நான்தான்டா சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். அவரை இங்க வரச் சொல்லு."

பேசி முடிப்பதற்குள் கோடு காய்ந்து மறைந்திருந்தது. வில்லையைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அழுதுகொண்டே ஈரத்துணியை மறுபடி அதன்மேல் வைத்தாள்.