பிரிக்காத பெட்டி

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எது வந்தாலும், எல்லோரும் வீட்டில் இருக்கும்போதுதான் பெட்டியைப் பிரிப்பார்கள். மிக்ஸி வந்த சமயம் அப்பாவுக்கு வெளியூர் வேலை. அவர் திரும்பும்வரை அது மூலையில் தேமே என்று கிடந்தது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "இதென்ன மிக்ஸியா, மணப்பொண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

முதல் கம்ப்யூட்டர் வந்த நாள் அக்காவுக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. தெர்மாகோல் கிறீச்சிட, குட்டித் தம்பி காதைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அம்மா "மெதுவா, மெதுவா" என்று அப்பாவை ஒருவழி பண்ணிக்கொண்டிருந்தாள். எப்படியோ எல்லா வயரையும் மாட்டி ஆன் செய்துவிட்டார் அப்பா. அணைக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை! ஆளுக்கொரு யோசனை சொல்லிப் பார்த்து, கடைசியில் அம்மா பொறுமையிழந்து பிளக்கைப் பிடுங்கினாள். நால்வரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதற்கப்புறம் அப்பா அதிக காலம் இருக்கவில்லை.

இப்போது அந்தத் தம்பிக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, அதுவும் தொலைதூர ஊரில். லேப்டாப் இல்லாமல் ஆகாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பவர் பார்க்கும் அக்கா, ஒரு சாயங்காலம் அவனை இழுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள். ஸ்டூடன்ட் டிஸ்கவுன்ட் என்று வாயைத் திறந்தாலே, "பேக் ஃப்ரீயா தர்றோம்மா" என்றார்கள். பேக்கை வைத்துக்கொண்டு படிக்கவா முடியும்?

வீட்டுக்கு வந்ததும் தம்பி கம்பெனியின் இணையதளத்திலேயே துழாவினான்.

"அக்கா, கிடைச்சிடுச்சு! காலேஜ் மெயில் ஐடி போட்டா நல்லாவே குறைக்கிறாங்க."

"அப்புறம் என்ன, போடுடா!"

அவன் போடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டெலிவரி காலேஜ் அட்ரஸுக்கு மட்டும்தானாம். வீட்டுக்கு வரணும்னா முழு விலை."

அக்காவும் எட்டிப் பார்த்தாள்; அப்படித்தான் போட்டிருந்தது. லேப்டாப் வரும் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, மூன்று பேருமாகக் கூடத்தில் உட்கார்ந்து பெட்டியைப் பிரிப்பதாக அவள் மனக்கோட்டை கட்டி வைத்திருந்தாள். அவன் ஊருக்குப் போகுமுன் அந்த ஒரு நாளாவது வேண்டும் என்று ஆசை.

"அங்கேயே வரட்டும். பெட்டியைப் பார்த்தா வயிறா நிறையப்போகுது?" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

"பாத்திரம் என்னடி பாவம் பண்ணுச்சு?" என்று அம்மா கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

தம்பி கிளம்பிப் போனான். சில நாள் கழித்து, 'வந்துடுச்சு' என்று அவனிடமிருந்து ஒரு மெசேஜ். 'பத்திரமா வெச்சுக்கோ' என்று அக்கா பதில் அனுப்பினாள். அன்று அவளுக்குக் கடையில் வேலையே ஓடவில்லை. "ஏம்மா, ரெண்டு கண்ணையும் மூடிவிட்டுட்டுப் படிக்கச் சொன்னா நான் எங்க போவேன்?" என்று வாடிக்கையாளர் ஒருவர் சத்தம் போட்டார்.

அந்தச் சனிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் தம்பி! தூக்கமில்லாத முகம், நெஞ்சோடு அணைத்த பெட்டி. ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது.

"என்னடா இது? இன்னும் பிரிக்கவே இல்லையா? கிளாஸுக்கு என்ன பண்ணினே?"

"ரூம்மேட்டோடதை வாங்கிச் சமாளிச்சேன்."

"போக வர பஸ்ஸுக்கே தள்ளுபடி பூரா கரைஞ்சுபோகுமேடா! அறிவிருக்கா உனக்கு? இதுக்குத்தானா நாயா பேயா அலைஞ்சோம்?" அக்கா பிடிபிடியென்று பிடித்தாள்.

தம்பி பெட்டியைக் கீழே வைத்தான்.

"ரூம்ல பிரிக்கத்தான்க்கா உட்கார்ந்தேன். டேப்பில கையும் வெச்சுட்டேன். என்னையறியாம, 'எல்லாரும் வந்தாச்சா'ன்னு கேட்டுட்டேன். ரூம்மேட் என்னை ஒரு மாதிரியா பார்த்தான்."

அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தம்பி கை நீட்டினான்.

அவள் தரவில்லை.

"அம்மா குளிக்கிறாங்க. வரட்டும்," என்றாள்.